கறுப்பினக் கலைஞர்களின் பாட்டும் ரெக்கார்ட் கம்பெனிகளின் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளூஸ், ஜாஸ், ராக் அண்ட் ரோல், சோல், ஹிப்ஹாப் என்று எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பெரும்பாலும் அமெரிக்கக் கதை, ஒன்று மட்டும் தென்னாப்பிரிக்கா. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், அது பிடிபடாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் சோகக் கதையாகத்தான் தெரியும்.

இது எப்போது தொடங்கியது?

ரெக்கார்ட் தொழில் கறுப்பினத்தவரைத் திரும்பிப் பார்த்த நாளிலிருந்தே. 1920-ல் மேமி ஸ்மித் என்ற பாடகி நியூயார்க்கில் 'ஓகே' கம்பெனிக்காகப் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பினத்தவர் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது அதுவரை கம்பெனிகளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள இஷ்டமில்லை. விற்கிறது என்று தெரிந்ததும் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனிப் பட்டியலே போட்டார்கள். தென் மாநிலங்களுக்கு ஆட்களை அனுப்பிப் பாடகர்களைத் தேடிப் பிடித்து, ஒரு தட்டின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலி பேசி, பாட வைத்து அனுப்பினார்கள். தட்டு ஆயிரம் விற்றாலும் லட்சம் விற்றாலும் பாடியவருக்கு அந்தக் கூலிதான்.

ஒரு பாட்டில் பணம் எங்கிருந்துதான் வருகிறது?

நாம் ஒரு பாட்டு என்று நினைப்பது சட்டத்தின் கண்ணில் இரண்டு தனிச் சொத்து. ஒன்று, மெட்டும் வரிகளும் சேர்ந்த 'பாட்டு'. இன்னொன்று, அதை ஒருவர் ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்த 'மாஸ்டர்'.

பாட்டுக்கான பணம் எழுதியவருக்கும், அவரிடமிருந்து உரிமையை வாங்கி வைத்திருக்கும் பப்ளிஷருக்கும் போகும். அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட், ஏறக்குறைய எழுபது வருஷம் அந்த 2 சென்ட் மாறவே இல்லை. யார் பாடினாலும் இந்தப் பணம் வரும், ரேடியோவில் போட்டாலும் தனியாக வரும். அதனால் ஒரு ஹிட் பாட்டின் பப்ளிஷிங், அதாவது இந்த உரிமை, கையில் இருந்தால் பேரன் காலம் வரை சாப்பிடலாம்.

மாஸ்டர் பெரும்பாலும் ரெக்கார்ட் கம்பெனிக்குச் சொந்தம். பாடியவருக்கு விற்பனையில் ஒரு சின்னச் சதவீதம் ராயல்டி, அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். இதில் அமெரிக்காவுக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. ஏஎம், எஃப்எம் ரேடியோவில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான்.

ஆக, ஒரு கலைஞரிடமிருந்து பிடுங்க மூன்று வழி: எழுதியவர் பெயரை மாற்றுவது, பப்ளிஷிங்கை அடிமாட்டு விலைக்கு வாங்குவது, ராயல்டிக் கணக்கில் செலவை ஏற்றுவது. மூன்றையும் ஒரே ஆளிடம் செய்த கம்பெனிகளும் உண்டு.

பாட்டை எழுதாதவர் பெயர் அதில் எப்படி ஏறும்?

சக் பெர்ரி கதையைப் பாருங்கள். 1955 மே மாதம் சிகாகோவில் செஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்காக 'மேபெலீன்' பாட்டைப் பதிவு செய்கிறார். அவருடைய முதல் தட்டு. பாட்டு ஹிட் ஆகிறது. காகிதத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் மூன்று பேர்: சக் பெர்ரி, ஆலன் ஃப்ரீட், ரஸ் ஃப்ராட்டோ. ஃப்ரீட் நியூயார்க்கின் செல்வாக்கு மிகுந்த ரேடியோ டிஜே. ஃப்ராட்டோ செஸ் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர், அவர்கள் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் என்று சொல்வார்கள். பாட்டில் இரண்டு பேருடைய ஒரு வரிகூடக் கிடையாது. ஃப்ரீட் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார், போடப் போட அவருடைய பங்கும் ஏறியது. லஞ்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால்தானே வம்பு, பாட்டிலேயே பங்காகக் கொடுத்துவிட்டால்? தன் பாட்டு முழுக்கத் தன் பெயருக்கு வர பெர்ரி 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது வருஷம்!

இது ஒன்றும் அபூர்வமில்லை. ரௌலெட் ரெக்கார்ட்ஸ் முதலாளி மோரிஸ் லெவி, மாஃபியா சகவாசத்துக்குப் பேர்போனவர், ஒரு பாட்டும் எழுதத் தெரியாதவர், ஆனால் எத்தனையோ பாட்டுகளில் 'எழுதியவர்' அவர்தான். ஃப்ராங்கி லைமன் என்ற பதின்மூன்று வயதுப் பையனும் அவன் நண்பர்களும் பாடிய 'வொய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' 1956-ல் பெரிய ஹிட், அதிலும் பிறகு லெவி பெயர் ஏறியது. அந்தக் குழுவில் இருந்த ஹெர்மன் சாண்டியாகோ, ஜிம்மி மெர்ச்சன்ட் இருவரும் பாட்டு எங்களுடையது என்று வழக்குப் போட்டு 1992-ல் ஜெயித்தார்கள். 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பாட்டு அவர்களுடையது இல்லை என்று சொல்லவில்லை, மூன்று வருஷத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றது. லைமன் 25 வயதிலேயே, 1968-ல், போதைமருந்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சட்டமும் இதற்குத் தோதாகத்தான் இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்காவில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய இசைத்தட்டை அனுப்பினால் போதாது, காகிதத்தில் இசைக்குறியீடாக எழுதி அனுப்ப வேண்டும். காதால் கேட்டுக் கற்று, கிதாரில் வாசித்துப் பழகிய மிசிசிப்பி விவசாயக் கூலிக்கு அது எங்கே தெரியும்? எழுதத் தெரிந்தவன் எழுதினான். எழுதும்போது தன் பெயரையும் சேர்த்து எழுதினான்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டது அவர்கள் தப்புதானே?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. 'ஏமாந்துவிட்டார்கள்' என்ற பேச்சே எனக்கு ஒப்பாது. பலருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்வது? இன்னொரு கம்பெனிக்குப் போனால் அங்கேயும் அதே காகிதம். ஊரில் கறுப்பினத்தவருக்காக வாதாடும் வக்கீல் கிடைப்பது அரிது. வழக்குப் போட்டால் மிசிசிப்பியிலோ அலபாமாவிலோ ஜூரியில் உட்காருபவர்கள் யார்? கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் மறுநாள் பருத்திக் காட்டுக்குப் போக வேண்டும், போட்டால் குறைந்தபட்சம் ஊர் ஊராகப் பாடிப் பிழைக்கத் தட்டில் ஒரு பெயராவது கிடைக்கும்.

பெஸ்ஸி ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ப்ளூஸின் மகாராணி'. 1923-ல் கொலம்பியா கம்பெனிக்குப் பாட வந்தார். நடுவில் புகுந்த கிளாரன்ஸ் வில்லியம்ஸ் என்ற பியானோக்காரர் (அவரும் கறுப்பினத்தவர்தான்) பெஸ்ஸியின் கூலியில் பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் பெஸ்ஸியும் கணவரும் நேரே அவருடைய ஆபீசுக்கே போய் அடி பின்னியெடுத்ததாகச் சொல்வார்கள். படிக்கத் தெரியாத அப்பாவி மாதிரியா இருக்கிறது? அதற்கப்புறம் கொலம்பியாவின் ஃபிராங்க் வாக்கர் புது ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார், ஒரு பக்கத்துக்கு 125 டாலர், அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பாடகிக்கு அது பெரிய தொகை. ஆனால் அச்சடித்த படிவத்தில் ராயல்டி பற்றி இருந்த வரியை வாக்கர் அடித்துவிட்டார். அந்த ஒரு பேனாக் கோடுதான். சுமார் 160 பாட்டுகள் பாடினார், கம்பெனியைக் கடன் சிக்கலிலிருந்து காப்பாற்றியதே அவருடைய தட்டுகள்தான் என்று எழுதியவர்கள் உண்டு, ஒரு சென்ட் ராயல்டி கிடையாது. 1937-ல் கார் விபத்தில் இறந்தார். கல்லறையில் பெயர்க் கல் வைக்கப்பட்டது 1970-ல்தான், அதற்கும் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் வெள்ளைக்காரப் பாடகி ஜானிஸ் ஜாப்ளின்.

வெள்ளைக்காரப் பாடகர்களையும்தானே ஏமாற்றினார்கள்?

ஆமாம், ஏமாற்றினார்கள். மலைநாட்டு வெள்ளைக்கார ஏழைப் பாடகர்களுக்கும் மொத்தக் கூலிதான். கம்பெனிகளுக்கு ஏழை என்றாலே இனிக்கும்.

ஆனால் சமமாக இல்லை. இசைக்கலைஞர் சங்கத்திலேயே கறுப்பினத்தவருக்குத் தனிக் கிளை, சிகாகோவில் இரண்டு கிளைகளும் ஒன்றானது 1966-ல். பாட்டுக்காரர்களுக்காகப் பணம் வசூலிக்கும் அஸ்காப் அமைப்பு 1914-ல் தொடங்கியபோது அதில் கறுப்பினத்தவர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான், ப்ளூஸ்காரர்களுக்குக் கதவு திறந்ததே பல காலம் கழித்து. பெரிய ஹோட்டல்கள், பெரிய ரேடியோ நிகழ்ச்சிகள், சினிமா என்று வெள்ளைக்காரக் கலைஞருக்கு இருந்த மாற்று வருமானம் இவர்களுக்கு இல்லை. பழங்கதை என்று நினைத்தால், 2020-ல் பிஎம்ஜி கம்பெனி தான் விலைக்கு வாங்கியிருந்த பழைய ரெக்கார்ட் நிறுவனங்களின் ஒப்பந்தங்களைத் தானே தோண்டிப் பார்த்தது. கறுப்பினக் கலைஞரும் மற்றவரும் இருந்த 15 பட்டியல்களில் நான்கில், கறுப்பினக் கலைஞரின் ராயல்டி விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஒரு கம்பெனியே தன் அலமாரியைத் திறந்து ஒத்துக்கொண்டது இது, வெளியாள் சொன்னதில்லை.

கவர் பாடல் என்றால் என்ன, அதில் என்ன தப்பு?

அடுத்தவர் பாட்டைத் திரும்பப் பாடுவதில் தப்பு ஒன்றுமில்லை. 1950-களில் நடந்தது வேறு. கறுப்பினப் பாடகரின் தட்டு மேலே வரத் தொடங்கியதும் ஒரு பெரிய கம்பெனி வெள்ளைக்காரப் பாடகரை வைத்து அதே பாட்டை, அதே வாத்திய அமைப்போடு, ஒரு சில வாரத்தில் இறக்கும். பெரிய ரேடியோக்கள் இரண்டாவது தட்டைத்தான் போடும். லாவெர்ன் பேக்கரின் 'ட்வீட்லி டீ'க்கு 1955-ல் இதுதான் நடந்தது, ஜார்ஜியா கிப்ஸின் தட்டு அச்சு அசல் நகல், விற்பனையில் மூலத்தை முந்தியது. வாத்திய அமைப்புக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது என்பதால் பேக்கர் காங்கிரஸ் உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸிடம் சட்டத்தையே மாற்றச் சொல்லி முறையிட்டார். மாறவில்லை.

லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி'யை வெள்ளைக்காரப் பாடகர் பேட் பூன் பாடி, அதுவும் மூலத்தைவிடப் பட்டியலில் மேலே போனது. கேட்டுப் பாருங்கள், பூன் பாடுவதில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. பாட்டில் பங்கு ரிச்சர்டுக்கு இருந்ததால் பூன் விற்றாலும் அவருக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? வராது. அந்தப் பாட்டின் பப்ளிஷிங்கை ஸ்பெஷாலிட்டி கம்பெனி 50 டாலருக்கு வாங்கி வைத்திருந்தது. தட்டு ஒன்றுக்கு அவருக்கு அரை சென்ட்.

எல்விஸ் பிரெஸ்லி திருடினாரா?

ஒரு வரியில் ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளைக்கார ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான எல்விஸின் முதல் தட்டு, 1954-ல் சன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'தட்ஸ் ஆல் ரைட்'. அதை எழுதிப் பாடியவர் ஆர்தர் 'பிக் பாய்' க்ரூடப், 1946-ல். எல்விஸ் அதை மறைக்கவில்லை, க்ரூடப்பைப் போல வாசிக்க ஆசைப்பட்டதாக வெளிப்படையாகவே சொன்னவர். தட்டில் எழுதியவர் பெயரும் க்ரூடப் என்றுதான் இருந்தது. பெயர் சரி, பணம் எங்கே? க்ரூடப்பின் மேனேஜராக இருந்த லெஸ்டர் மெல்ரோஸ் பாட்டுகளின் உரிமையைத் தன் பெயரில் வைத்திருந்தார், பிறகு அது ஹில் அண்ட் ரேஞ்ச் என்ற பப்ளிஷரிடம் போனது. உலகமே அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது க்ரூடப் வர்ஜீனியாவில் தோட்டக் கூலிகளோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

1970-களின் தொடக்கத்தில் டிக் வாட்டர்மன் என்ற மேனேஜர் விடாமல் அலைந்து, பப்ளிஷரோடு பேசி, 60 ஆயிரம் டாலர் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தார். க்ரூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர்ஜீனியாவிலிருந்து நியூயார்க் வந்தார். பேப்பரில் குடும்பத்தார் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. முதலாளியிடம் கையெழுத்து வாங்கப் பேப்பரை உள்ளே கொண்டு போனார்கள். இவர்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். திரும்பி வந்த பதில்: கையெழுத்துப் போட மாட்டாராம், வழக்கு நடத்தினால்கூட இவ்வளவு செலவாகாதாம். செக்கும் இல்லை ஒன்றும் இல்லை, அப்படியே ஊருக்குத் திரும்பினார்கள். 1974-ல் க்ரூடப் இறந்தார். பின்னால் அந்தப் பப்ளிஷரை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்க வந்தபோது இந்த வழக்கு முட்டுக்கட்டையாக நின்றது, அப்போதுதான் வாரிசுகளுக்குப் பணம் வந்தது, அந்த 60 ஆயிரத்தைவிடப் பல மடங்கு.

எல்விஸ் பக்கத்திலும் ஒரு கறை உண்டு. 1956-ன் 'டோன்ட் பி க்ரூயெல்' பாட்டை எழுதியவர் ஓடிஸ் பிளாக்வெல் என்ற கறுப்பினக் கவிஞர். எல்விஸ் பாட வேண்டுமென்றால் எழுதியவர் பெயரில் பாதி எல்விஸுக்கு என்பது நிபந்தனை. பிளாக்வெல் ஒத்துக்கொண்டார், பாதி போனாலும் மீதிப் பாதி பெரிய தொகைதான். எல்விஸ் பாட்டு எழுதியவர் அல்ல என்பது ஊருக்கே தெரியும்.

கறுப்பினத்தவரே நடத்திய கம்பெனிகள் நியாயமாக இருந்தனவா?

சில இருந்தன, சில இல்லை. 1921-ல் ஹாரி பேஸ் நியூயார்க்கில் தொடங்கிய பிளாக் ஸ்வான் மூன்று வருஷத்தில் மூச்சுவிட முடியாமல் பாரமவுண்ட் ரெக்கார்ட் கம்பெனியிடம் போனது. ஹூஸ்டனில் டான் ரோபி கறுப்பின முதலாளிதான், 'ஹவுண்ட் டாக்' பாட்டை அவர் கம்பெனிக்காக எல்விஸுக்கு முன்னால் பாடி 1953-ல் முதலிடத்துக்குக் கொண்டுபோன பிக் மாமா தார்ன்டனுக்கு ஒரே ஒரு 500 டாலர் செக்தான் கிடைத்தது. எழுத்தாளர் பெயருக்கு 'டெட்ரிக் மலோன்' என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு அடுத்தவர் பாட்டை எல்லாம் ரோபி தன் கணக்கில் எழுதினார்.

மோட்டவுன் கதை சிக்கலானது. பெர்ரி கோர்டி 1959-ல் குடும்பத்தில் 800 டாலர் கடன் வாங்கி டெட்ராய்ட்டில் தொடங்கினார். கறுப்பினக் கலைஞர்களை அமெரிக்காவின் எல்லா வீட்டு வரவேற்பறைக்கும் கொண்டுபோனது மோட்டவுன், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ரெக்கார்ட் கம்பெனியும் அவருடையது, பப்ளிஷரும் அவருடையது, கலைஞரின் மேனேஜரும் அவருடைய கம்பெனியே. கணக்கில் தகராறு வந்தால் பாடகருக்காக யார் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஹிட் மேல் ஹிட் எழுதிக் கொடுத்த ஹாலண்ட்–டோஸியர்–ஹாலண்ட் மூவரும் பணத் தகராறில்தான் வெளியேறினார்கள். எல்லாப் பாட்டுக்கும் வாசித்த 'ஃபங்க் பிரதர்ஸ்' குழுவின் பெயர் 1971 வரை உறையில் வரவில்லை. 1972-ல் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறுகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்ததே ஸ்டூடியோக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான். 1988-ல் கோர்டி மோட்டவுனை 6.1 கோடி டாலருக்கு விற்றார்.

லட்சக்கணக்கில் விற்றும் பாடகர் எப்படித் திவாலாகிறார்?

டிஎல்சி என்ற மூன்று பெண்களின் குழு 1994-ல் வெளியிட்ட ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதியை எட்டியது. 1995-ல், ஆல்பம் விற்றுக்கொண்டிருக்கும்போதே, 35 லட்சம் டாலர் கடன் என்று திவால் மனு கொடுத்தார்கள். (அதில் கொஞ்சம் சொந்தக் காரணமும் உண்டு, ஒருவர் காதலரின் வீட்டைக் கொளுத்திய வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு கேட்டது.) அடுத்த வருஷம் கிராமி விருதை வாங்கிய கையோடு, கையில் காசில்லை என்று நிருபர்களிடமே சொன்னார்கள். அவர்களுடைய மேனேஜ்மென்ட் கம்பெனியை நடத்தியவர் ரெக்கார்ட் கம்பெனித் தலைவர்களில் ஒருவரின் மனைவி.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன், எண்கள் என்னுடையவை, முறை அவர்களுடையது. சிடி விலை 16 டாலர். முதலில் 'பேக்கிங் செலவு' என்று கால்வாசி கழிப்பார்கள், பாக்கி 12. தயாரிப்பாளர் பங்கு போகப் பாடகருக்கு 10 சதவீதம் என்றால் 1.20. அப்புறம் 'இலவசப் பிரதிகள்' என்று விற்றதில் 85 சதவீதத்துக்குத்தான் கணக்கு, ஆக 1.02. (பழைய அரக்குத் தட்டு உடைந்துபோகும் என்பதற்காகக் கழித்த 10 சதவீதத்தை, உடையாத தட்டு வந்த பிறகும் பல கம்பெனிகள் கழித்துக்கொண்டே இருந்தன. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) 5 லட்சம் சிடி விற்றால் பாடகர் கணக்கில் 5,10,000 டாலர். சபாஷ் என்று நினைப்பீர்கள். இப்போது கழிவு: ஸ்டூடியோச் செலவும் அட்வான்ஸும் 2,50,000, வீடியோவில் பாதி 2,00,000, சுற்றுப்பயணச் செலவுக்குக் கொடுத்தது 1,50,000. மொத்தம் 6 லட்சம். பாடகர் இன்னும் 90 ஆயிரம் பாக்கி! கம்பெனிக்கோ கடைக்காரரிடமிருந்து சிடிக்கு 10 டாலர் என்று வைத்தாலும் 50 லட்சம் வந்தாயிற்று. அந்த 90 ஆயிரம் அடுத்த ஆல்பத்தின் தலையில் ஏறும்.

இதில் உச்சம் என்னவென்றால், பதிவுச் செலவு முழுவதையும் பாடகர் பங்கிலிருந்தே பிடித்த பிறகும் மாஸ்டர் கம்பெனிக்குத்தான் சொந்தம். வீட்டுக் கடனைக் கடைசித் தவணைவரை கட்டி முடித்த பிறகும் பத்திரம் பேங்க் பெயரிலேயே இருப்பது மாதிரி. 1990-களின் நடுவில் பாடகர் பிரின்ஸ் வார்னர் கம்பெனியோடு சண்டை போட்டுக் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறினாரே, அந்தச் சண்டையின் மையமே இந்த மாஸ்டர்தான். சிரித்தவர்கள் நிறைய. 2014-ல் அவருக்கு அவை திரும்பக் கிடைத்தன.

'லயன் கிங்' படத்தில் வரும் அந்தச் சிங்கப் பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அது தென்னாப்பிரிக்கப் பாட்டு. சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கேலோ ஸ்டூடியோவில் 'ம்பூபே' என்ற பெயரில் பதிவு செய்தது. எல்லோருக்கும் தெரிந்த அந்த உச்ச ஸ்தாயி மெட்டு, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் அங்கேயே இட்டுக்கட்டிப் பாடியது. உரிமை 10 ஷில்லிங்குக்குக் கேலோவிடம் போனது. அதே கம்பெனியின் தட்டு ஆலையில் மூட்டை கட்டும் வேலை பார்த்தார் லிண்டா.

தட்டு அமெரிக்கா போனது. 1950-களின் தொடக்கத்தில் பீட் சீகரின் வீவர்ஸ் குழு பாடியது, 1961-ல் டோக்கன்ஸ் குழு ஆங்கில வரிகளோடு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று பாடி முதலிடம். 'ஆப்பிரிக்க நாட்டுப்பாடல்' என்று சொல்லிவிட்டால் எழுதியவரைத் தேட வேண்டியதில்லை. நாட்டுப்பாடல் என்றால் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதைத் 'தழுவி எழுதிய' வெள்ளைக்காரருக்குச் சொந்தம். சீகர் மட்டும் உண்மை தெரிந்தபோது ஆயிரம் டாலர் அனுப்பினார். லிண்டா 1962-ல் இறந்தபோது வங்கிக் கணக்கில் 25 டாலர்கூட இல்லை.

2000-ல் ரியான் மாலன் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் முழுக் கதையையும் எழுதிய பிறகுதான் உலகம் விழித்தது. ஓவன் டீன் என்ற வக்கீல் தூசி படிந்த ஒரு சட்டத்தைத் தோண்டியெடுத்தார்: பிரிட்டிஷ் பேரரசின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 25 வருஷம் ஆனதும் விற்ற உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும். காலனி ஆட்சிச் சட்டம் ஒரு ஜூலு குடும்பத்துக்கு உதவியது! 2004-ல் 'லயன் கிங்' படத்தை எடுத்த டிஸ்னி மேல் வழக்குப் போட்டு, தென்னாப்பிரிக்காவில் டிஸ்னியின் வணிகச் சின்னங்களையே முடக்க உத்தரவு வாங்கினார்கள். 2006-ல் சமரசம், 1987-லிருந்து கணக்குப் போட்டு ராயல்டி. மகள்களில் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார்.

சாம்பிள் எடுப்பதும் இதே கதைதானா?

பாதி அதே கதை. சாம்பிள் என்றால் பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் ஒட்டுவது. வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் 1969-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் கிரெகரி கோல்மன் தனியாக வாசிக்கும் ட்ரம்ஸ் துண்டு ஒன்று வரும், சில விநாடிதான். 'ஆமென் பிரேக்' என்று பெயர். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, பிரிட்டனில் ஒரு முழு இசை வகையே அதன் மேல் எழும்பியது. கோல்மன் 2006-ல் வீடில்லாதவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் இரண்டு பிரிட்டிஷ் டிஜேக்கள் பொதுமக்களிடம் திரட்டி சுமார் 24 ஆயிரம் பவுண்டு கொடுத்தார்கள்.

சாம்பிளுக்கு அனுமதி வாங்கியே ஆக வேண்டும் என்று 1991-ல் நீதிமன்றம் சொன்னது. நல்லதுதானே? பணம் போவது மாஸ்டர் யாரிடம் இருக்கிறதோ அவருக்கும் பப்ளிஷருக்கும். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' பாட்டில் ட்ரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கு இரண்டிலும் பங்கில்லை, அன்றைய சம்பளத்தோடு சரி.

யாருமே ஜெயிக்கவில்லையா?

ஜெயித்தார்கள். ரே சார்ல்ஸ் 1959-ல் ஏபிசி-பாரமவுண்டுக்கு மாறும்போது மாஸ்டர் தனக்கே என்று எழுதி வாங்கினார், அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம். செஸ்ஸின் பாட்டுப் பட்டறையாக இருந்த வில்லி டிக்சன் பப்ளிஷர் மேலும் வழக்குப் போட்டார், 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக லெட் ஸெப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு மேலும் போட்டார், இரண்டிலும் சமரசப் பணம் வந்தது.

எனக்குப் பிடித்தது ரூத் பிரவுன். 1950-களில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸை 'ரூத் கட்டிய வீடு' என்றே சொல்வார்கள். 1960-களில் அவர் வீட்டு வேலை செய்தார், பள்ளி பஸ் ஓட்டினார். 1980-களில் ஹவல் பெகிள் என்ற வாஷிங்டன் வக்கீல், வெறும் ரசிகராக, பழைய தட்டுகளில் கையெழுத்து வாங்க வந்தார். இதற்கெல்லாம் ராயல்டி வருகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டார். பல வருஷமாக ஒன்றுமில்லை என்றார் ரூத். கம்பெனியைக் கேட்டால் நீங்கள்தான் எங்களுக்குப் பாக்கி என்கிறார்களாம். பெகிள் விடவில்லை, பல வருஷப் போராட்டம். 1988-ல் அட்லாண்டிக் தன் நாற்பதாவது ஆண்டு விழாவைப் பெரிதாகக் கொண்டாடத் தயாரானது. அந்த நேரத்தில் பழைய பாடகி வாசலில் நின்றால் நன்றாகவா இருக்கும்? ரூத் உள்பட முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களின் பழைய 'கடன்' தள்ளுபடி, இருபது வருஷ ராயல்டி, கூடவே முதிய கலைஞர்களுக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளைக்கு 15 லட்சம் டாலர். ரூத்துக்கு வந்த முதல் செக் சுமார் 21 ஆயிரம் டாலர். அடுத்த வருஷமே பிராட்வே மேடையில் டோனி விருதும் வாங்கினார்.

2020-க்குப் பிறகு ஏதாவது மாறியதா?

கொஞ்சம். ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரர் கையில் கொல்லப்பட்ட பிறகு, இசைத் துறையில் வேலை பார்த்த இரண்டு கறுப்பினப் பெண்கள் தொடங்கிய இயக்கத்தால் ஜூன் 2 அன்று துறையே ஒரு நாள் வேலையை நிறுத்தியது. அன்று ஆதரவுக்கு அடையாளமாகச் சமூக வலைத்தளங்களில் கறுப்புச் சதுரம் போட்டவர்களில் கம்பெனிகளும் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உருப்படியாக நடந்தது 2021-ல்: 2000-க்கு முன்னால் ஒப்பந்தமான, அதன் பிறகு அட்வான்ஸ் வாங்காத கலைஞர்களின் பழைய பாக்கியைக் கண்டுகொள்ளாமல் இனி வருவதைக் கொடுத்துவிடுவோம் என்று சோனி அறிவித்தது. அடுத்த வருஷம் வார்னரும் யுனிவர்சலும் அதே வழிக்கு வந்தன. மாஸ்டரைத் திருப்பித் தருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1978-க்குப் பிறகு எழுதிக் கொடுத்த உரிமையை 35 வருஷம் கழித்து, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். இது கம்பெனிக்காகச் செய்த கூலி வேலை, திருப்பித் தர முடியாது என்று கம்பெனிகள் வாதாடும். 2024 அக்டோபரில் மியாமியில் இப்படி ஒரு வழக்கில் 2 லைவ் குரூ என்ற ராப் குழுவின் பக்கம் ஜூரி தீர்ப்பளித்தது.

இன்று நான் பழைய பாட்டைக் கேட்டால் அவர்களுக்குக் காசு போகுமா?

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாமே பாட்டைத் தேர்ந்தெடுக்கும் ஸ்ட்ரீமிங்கில் பணம் மாஸ்டர் வைத்திருப்பவருக்குப் போய், ஒப்பந்தப்படி பாடகருக்கு வரும், பழைய ஒப்பந்தம் என்றால் சில்லறைதான். பாட்டை அவர்களே தேர்ந்தெடுத்துப் போடும் அமெரிக்க இன்டர்நெட் ரேடியோ, சாட்டிலைட் ரேடியோ வகைதான் கொஞ்சம் தேவலை. அங்கே பணத்தை வசூலிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு சட்டப்படி 50 சதவீதத்தை மாஸ்டர்காரருக்கும், 45 சதவீதத்தை முதன்மைக் கலைஞருக்கு நேராகவும், 5 சதவீதத்தைப் பின்னணி வாசித்தவர்கள், பாடியவர்களுக்காகவும் கொடுக்க வேண்டும். கம்பெனி நடுவில் கைவைக்க முடியாது, பழைய கடனுக்குக் கழிக்கவும் முடியாது. 1972-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கும் இது பொருந்தும் என்று 2018-ல் சட்டம் வந்தது, அதாவது மேலே சொன்ன பெயர்களில் பெரும்பாலானவை இதற்குள் வரும். ஆனால் கலைஞரோ வாரிசோ பெயரைப் பதிவு செய்திருந்தால்தான் பணம் கைக்கு வரும். செய்யாதவர்களின் பணம் அங்கேயே கிடக்கும், மூன்று வருஷம் ஆகியும் யாரும் கேட்டு வராவிட்டால் அந்த அமைப்பு அதைத் தன் செலவுக்கு எடுத்துக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது. யாருக்குப் பணம் காத்திருக்கிறது என்று அவர்களுடைய இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம்.